தலைவரின் ஓட்டு

நகர மன்றத் தலைவருக்கு ஊரில் ‘இருக்கட்டும் ஐயா’ என்று பெயர். யார் என்ன புதிதாகக் கொண்டு வந்தாலும் முதலில் “இருக்கட்டும், பாக்கலாம்” என்பார். அதில் பாதி பார்க்கப்படாமலே போய்விடும். மன்றத்துக்குச் சுழலும் நாற்காலி வாங்கலாம் என்றார்கள், இருக்கட்டும் என்றார். வாசலில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு போடலாம் என்றார்கள், “கையால தொறந்தா கை தேஞ்சா போகுது?” என்றார். இப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதையும் இருக்கட்டும் என்றே விட்டுவிட்டார்.

அதற்காக அவரை வெறும் மரக்கட்டை என்று நினைத்துவிடக் கூடாது. நிறையப் படிப்பார், அதைவிட நிறைய யோசிப்பார். ஒரு வழக்கம் உண்டாக நூறு வருஷம் ஆகும், அதை ஒழித்துக்கட்ட ஒரு மத்தியானம் போதும் என்பது அவர் கட்சி. அந்த மத்தியானம் வரும்போது நாற்காலியில் தான் இருந்துவிடக் கூடாதே என்பதுதான் முப்பது வருஷமாக அவருடைய ஒரே கவலை.

ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு மன்றம் கூடும். பதினான்கு உறுப்பினர்களும் எழுந்து நிற்பார்கள். தலைவர் நான்கு வரிப் பிரார்த்தனை ஒன்றைப் படிப்பார். “எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். எங்கள் ஆயுள் கொஞ்சம். எங்கள் கையில் கொடுத்திருப்பது எங்களுடையது அல்ல. கடவுளே, இதை மறக்காதபடி எங்களைக் காத்தருளும்.” யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. எந்த மதத்துக்காரர் சொன்னாலும் பொருந்துகிற மாதிரி எவரோ ஒரு கெட்டிக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பிரார்த்தனை முடிந்து உட்கார்ந்த இரண்டாவது நிமிஷமே சாக்கடை டெண்டரில் அடிதடி ஆரம்பமாகும், அது வேறு விஷயம். ஆனால் அடித்துக்கொள்வதற்கு முன்னால், கடைசி வார்த்தை எங்களுடையது இல்லை என்று ஒருவர் முன்னால் ஒருவர் நின்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஊரை ஆள்வதற்கு அந்த அரை நிமிஷ அடக்கமாவது வேண்டாமா என்று தலைவர் கேட்பார்.

அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு. ‘தனிப்பட்ட விஷயம்’ என்பது அது. அதைக் கேட்டாலே அவருக்கு நெஞ்சு எரியும். கல்யாணம் தனிப்பட்ட விஷயம், பெற்றவர்களை வைத்துக் காப்பாற்றுவது தனிப்பட்ட விஷயம், கடவுள் தனிப்பட்ட விஷயம், சாவுகூடத் தனிப்பட்ட விஷயம் என்றால், பொது விஷயம் என்று மிச்சம் இருப்பது தெருவிளக்கு மட்டும்தானா? இதைப் பத்திரிகைக்குக் கடிதமாக எழுதிப் போட்டார். கடைசிப் பத்தியை வெட்டிவிட்டு வெளியிட்டார்கள். அடுத்த வாரம் அந்தப் பத்தியை மட்டும் தனிக் கடிதமாக எழுதிப் போட்டார். அதைப் போடவே இல்லை.

இனி அவர் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் நடந்தது எல்லாம் போய் முடிவது அவளிடம்தான்.

அவர்களுக்கு ஒரே மகன். நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் என்ஜினீயராக இருந்தான். மூன்றரை வருஷத்துக்கு முன்னால், பெருமழை பெய்த ஒரு நாள், நீரேற்று நிலையத்தின் சுவர் இடிந்து விழுந்ததில் போய்விட்டான். வயது இருபத்தொன்பது. அடக்கம் முடிந்து ஆறுதல் சொல்ல வந்த மதப் பெரியவர், “எல்லாம் அவன் திட்டம்மா, இதுலயும் ஒரு நன்மை இருக்கும்” என்றார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “அப்போ அந்த நன்மைய நீங்களே வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள், அதற்குப் பிறகு வழிபாட்டுக்கு என்று எங்கேயும் போகவில்லை. வீட்டிலும் கையெடுத்துக் கும்பிடவில்லை. தலைவர் மட்டும் தனியாகப் போய் வந்தார். “வர்றியா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

ஆனால் மகன் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, மன்றத்தின் பார்வையாளர் வரிசையில் கடைசியில், கதவை ஒட்டி வந்து நின்றாள். பதினான்கு பேரும் எழுந்தார்கள். அன்று தலைவருக்குக் குரல் எழும்பவில்லை, செயலாளர்தான் படித்தார். முடிந்ததும் அவள் உட்காராமலே திரும்பி, போகிற வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த மாதமும் வந்தாள். அதற்கடுத்த மாதமும் வந்தாள். அவர் ஒரு நாள் காரணம் கேட்டபோது, “அதுல யாரும் எனக்கு விளக்கம் சொல்லல. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்றாங்க. அந்த அளவுக்கு என்னாலயும் கூட நிக்க முடியுது” என்றாள். கடவுளோடு அவளுக்கு மிச்சம் இருந்த பேச்சுவார்த்தை மாதத்துக்கு அந்த நான்கு வரிதான். அது தலைவருக்கு மட்டுமே தெரியும். அந்த நான்கு வரியும் போய்விட்டால் அவள் முழுக்கத் தனியாகிவிடுவாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

வம்பு எட்டு மாதத்துக்கு முன்னால் தொடங்கியது. இடைத்தேர்தலில் புதிதாக ஜெயித்து வந்த இளைஞர் ஒருவர், கணினிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர், பிரார்த்தனையின்போது எழுந்திருக்கவில்லை. நீட்டிய காலைக்கூட மடக்காமல் உட்கார்ந்திருந்தார். “இது ஆபீஸா, பஜனை மடமா?” என்று கேட்டார். அவ்வளவுதான், இரண்டு மாதம் மன்றம் சந்தைக்கடை ஆயிற்று. ஒரு பக்கம் மருந்துக்கடைக்காரர் தலைமையில் ஏழு பேர், பிரார்த்தனை வேண்டும் என்று. மறுபக்கம் டீச்சர் தலைமையில் ஏழு பேர், வேண்டாம் என்று. தலைவர் பிரார்த்தனையைப் படிக்க ஆரம்பித்தால் ஒருவர் இருமுவார், அந்த இருமலை அடக்க இன்னொருவர் கத்துவார். ஒரு நாள் “கடவுளே” என்ற வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு கெட்ட வார்த்தை வந்து விழுந்தது. சொன்னவர் பிரார்த்தனைக் கட்சிக்காரர். தலைவருக்கு உடம்பு கூசிப்போயிற்று.

அன்றைக்கே தன் கைப்பட ஒரு தீர்மானம் எழுதினார். கொஞ்ச நாளைக்குப் பிரார்த்தனையை நிறுத்திவைப்போம், எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போம், சூடு தணியட்டும் என்பது அவர் எண்ணம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. அதில்தான் அவர் சறுக்கினார். இன்ன தேதி வரை என்று காலாவதி வைத்து எழுதும் தீர்மானங்கள் அவருக்கு ஆகாது. அது கடைச்சரக்குக்கு ஒட்டும் சீட்டு மாதிரி இருக்கிறது என்பார். பழகிய கை ‘மன்றம் வேறு முடிவு எடுக்கும் வரை’ என்று எழுதிவிட்டது. ‘ஆறு மாதத்துக்கு’ என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தால், ஆறு மாதம் கழிந்ததும் பிரார்த்தனை தானாகத் திரும்பி வந்திருக்கும்.

வீட்டில் மனைவியிடம், “தற்காலிகந்தான். திரும்ப வந்துடும்” என்றார். அவள் நம்பினாள். மௌனத்துக்கும் வந்து நின்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் பாதிப் பேர் கைபேசியைத் தடவினார்கள், ஒருவர் நகம் பார்த்தார், ஒருவர் கொட்டாவி விட்டார். பிரார்த்தனை பிடிக்காதவர்கள் முன்பெல்லாம் குறைந்தபட்சம் முறைத்துக்கொண்டாவது நிற்பார்கள். இப்போது எதிர்க்கவும் அங்கே ஒன்றும் இல்லை. மனைவி மட்டும் கடைசி வரிசையில் நிமிர்ந்து நின்று காத்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைக்காரர், பழைய பிரார்த்தனையோடு கூட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று தீர்மானம் கொடுத்தார். அவர் தலைவரின் இருபது வருஷ நண்பர். அவர் கடவுளைக் கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் தேர்தல் அடுத்த வருஷம் வருகிறது. ‘பிரார்த்தனையை மீட்போம்’ என்று சுவரொட்டி அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். அதில் பிரார்த்தனை என்ற எழுத்தைவிட அவர் முகம் நான்கு மடங்கு பெரியது. தலைவர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார்.

“கணக்கு போட்டுட்டேன் ஐயா. ஏழுக்கு ஏழு. கவலையே இல்ல.”

“ஏழுக்கு ஏழுன்னா எப்படி கவலை இல்ல?” என்றார் தலைவர்.

“எட்டாவது ஓட்டு நாற்காலியில இல்ல உக்காந்திருக்கு!” என்று சொல்லி அவரே சிரித்தார்.

“இன்னொரு ஆளப் பேசிப் பாருங்க. அந்தப் பக்கத்துல ஒருத்தர் மனசு மாறினாப் போதும். என் ஓட்ட நம்பாதீங்க.”

“உங்க ஓட்ட நம்பாம வேற யார் ஓட்ட நம்பறது? தமாஷ் பண்றீங்களே” என்று முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

தலைவர் தமாஷ் பண்ணவில்லை. அந்த மன்றத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஓட்டு சமமாக வந்தால் தலைவர் தன் ஓட்டைப் போட்டு முடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. ஆனால் இதுவரை இருந்த தலைவர்கள் அத்தனை பேரும் அதை ஒரே மாதிரிதான் போட்டிருக்கிறார்கள். இருப்பது எதுவோ அதன் பக்கம். ஒன்றை மாற்ற வேண்டுமானால் அதற்கு மன்றத்தில் பெரும்பான்மை வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த தனி ஆளின் ஆசைக்காக ஊர் மாறக் கூடாது என்பது அதன் நியாயம். யாரும் எழுதி வைக்காத நியாயம். இப்போது இருப்பது மௌனம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே டீச்சர், நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வந்தார். ஓட்டு சமமாக வந்தது. தலைவருக்கு அந்தத் தீர்மானம் மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். “உங்களுக்கு மனசாட்சி இல்லையா?” என்று டீச்சர் சபையிலேயே அழுதுவிட்டார். “எனக்கு இருக்கு டீச்சர், இந்த நாற்காலிக்குக் கிடையாது. இன்னும் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க, தொறந்துடலாம்” என்றார் தலைவர். அந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வர டீச்சருக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் படிக்க இடமில்லாத பிள்ளைகள் பேருந்து நிறுத்த விளக்கடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைத் தலைவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பார்த்தார். அப்போது அவர்களுக்கு இல்லாத சலுகையை இப்போது தனக்கு எப்படி எடுத்துக்கொள்வது? எடுத்துக்கொண்டால் அன்று டீச்சரிடம் சொன்னது வழக்கம் அல்ல, வெறும் பொய் என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று சமையலறை வாசல் வரை போனார். அவள் அவருடைய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். “நாளைக்கு நான் கடைசி வரைக்கும் இருந்து பாக்கப்போறேன். உக்காந்தே பாக்கறேன்” என்றாள். மூன்றரை வருஷத்தில் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து அவர் பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்க வந்த மாதிரி ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

திங்கட்கிழமை பார்வையாளர் வரிசை நிறைந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் பதினைந்து நிமிஷம் முழங்கினார். முன்னோர் என்றார், பண்பாடு என்றார், தன் கடைக்கு வரும் தாய்மார்களின் கண்ணீர் என்றார். பிறகு டீச்சர் எழுந்தார். முழங்குகிற வழக்கம் அவருக்கு இல்லை.

“எங்க மாமா இந்த மன்றத்துல ரெண்டு தடவை ஜெயிச்சவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பொய்யா எழுந்து நிக்க மாட்டேன்னு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெளிய வராந்தாவுல நிப்பார். பிரார்த்தனை முடிஞ்சதும் கதவத் தட்டிட்டு உள்ள வருவார். பத்து வருஷம் அப்படி நின்னார். ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டு உள்ள அனுப்பின மனுஷன், தன்னோட இடத்துக்கே கதவத் தட்டிட்டு வரணுமா? நான் கேக்கறது அவ்வளவுதான்.”

தலைவருக்கு அந்த மாமாவை நன்றாக நினைவிருந்தது. கதவுக்கு வெளியே நின்றாலும் அந்த மனிதர் அங்கேயும் நேராகத்தான் நிற்பார். உள்ளே நின்ற பலரைவிட அவருக்குத்தான் அந்தப் பிரார்த்தனையின் கனம் தெரிந்திருந்தது என்று தலைவர் நினைத்துக்கொண்டார். சொல்லவில்லை, நாற்காலியில் இருப்பவர் விவாதத்தில் பேசக் கூடாது.

கை தூக்கினார்கள். செயலாளர் இரண்டு தடவை எண்ணினார். “ஆதரவு ஏழு. எதிர்ப்பு ஏழு.”

பின்வரிசையில் யாரோ அவசரப்பட்டுக் கை தட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைக்க ஆரம்பித்துவிட்டார். தலைவர் எழுந்தார். மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்கவில்லை.

“சமமா வந்தா தலைவர் ஓட்டு இருக்கறதுக்குத்தான். இது இந்த மன்றத்தோட வழக்கம். இன்னிக்கு இருக்கறது மௌனம்.”

மருந்துக்கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் துள்ளி எழுந்தார். “ஐயா, அது தற்காலிகம்!”

“தீர்மானத்துல தேதி இல்ல. எழுதினவன் நான்தான். தப்பு என்னோடது.”

“இந்த வழக்கம் எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க பாப்போம்!”

“சட்டத்துல இருந்தா கோர்ட் காப்பாத்தும்” என்றார் தலைவர். “எதுலயும் இல்ல. அதனால நான்தான் காப்பாத்தணும். என் ஓட்டு தீர்மானத்துக்கு எதிரா. தீர்மானம் தோத்துப்போச்சு.”

கூச்சல் கிளம்பியது. துரோகி என்றார்கள், விலை போய்விட்டான் என்றார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி பின்னுக்கு நகர்ந்த சத்தம் மட்டும் அவருக்குத் தனியாகக் கேட்டது. அவர் நிமிர்ந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும், முதலில் எழுந்திருக்க மறுத்தாரே அந்த இளைஞர், அவர் ஓடி வந்து தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ரொம்ப முற்போக்கான முடிவு ஐயா. உங்ககிட்ட இத நான் எதிர்பாக்கவே இல்ல” என்றார். நல்ல பிள்ளைதான், மனதாரத்தான் சொன்னார். துரோகி என்றபோது கலங்காத தலைவருக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

வீட்டுக்குப் போனபோது மனைவி கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல வழியில் வாங்கியிருக்கிறாள். அவர் எதிரில் உட்கார்ந்தார்.

“எனக்கு வேற வழி தெரியல” என்றார்.

“தெரியும். நீங்க மாத்திப் போட்டிருந்தா வேற யாரோ போட்ட மாதிரி இருந்திருக்கும். ஓட்டுக்காக எனக்குக் கோபம் இல்ல.” அவள் இன்னும் இரண்டு பீன்ஸை நறுக்கினாள். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. திரும்ப வந்துடும், வந்துடும்னு ஆறு மாசமா என்கிட்ட சொன்னீங்க. அந்தப் பதினாலு பேர்ல ஒருத்தர்கிட்டயாவது போய், என் பொண்டாட்டி இதுக்காகத்தான் வந்து நிக்கறான்னு சொன்னீங்களா?”

“அத எப்படிப் போய்ச் சொல்றது? அது நம்ம...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

நின்றுபோன வார்த்தை என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஊரெல்லாம், பத்திரிகையெல்லாம், எந்த வார்த்தையைத் துரத்தித் துரத்தி அடித்தாரோ, அதையே தன் வீட்டுத் துக்கத்தின் மேல் போர்த்தி மூடி வைத்திருந்தார். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை டீச்சர் தலைவரின் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. செயலாளர் தான் ஊகித்ததையெல்லாம் அவரிடம் சொல்லியிருந்தார். செயலாளர் மாதாமாதம் அந்த அம்மாளைக் கவனித்தவர், மகனையும் அறிந்தவர்.

“ஏன் ஐயா எங்கிட்ட சொல்லல?” டீச்சரின் குரல் கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாமல் இருந்தது. “தண்ணி குடிக்கப் போறேன்னு எழுந்து வெளிய போயிருப்பேனே. எங்க மாமா நின்ன அதே வராந்தாவுல நானும் நின்னிருப்பேன். எதிர்ப்பு ஆறாயிருக்கும், உங்க ஓட்டே தேவைப்பட்டிருக்காது.”

“அதுக்குத்தாம்மா சொல்லல. பையன் சாவக் காட்டி ஒரு ஓட்டு வாங்கக் கூடாதுன்னு நெனச்சேன். இரக்கப்பட்டுக் கொடுக்கற பிரார்த்தனை வேண்டாம்னு.”

“பிரார்த்தனையே இரக்கம் கேக்கறதுதானே ஐயா?”

கடவுளை நம்பாத டீச்சர் அதைச் சொன்னார். நாற்பது வருஷம் படித்த புத்தகங்களில் எதிலாவது இதற்குப் பதில் இருக்குமா என்று தலைவர் மனதுக்குள் தேடிப் பார்த்தார்.

“மறுபடியும் கொண்டு வரலாம். நானே கொண்டு வர்றேன்” என்றார் டீச்சர்.

“தோத்த தீர்மானத்த ஒரு வருஷத்துக்கு எடுக்க முடியாது. அது எழுதின விதி.”

“அதுக்குள்ள தேர்தல் வந்துடும். வர்றவங்க யாரோ, எப்படியோ.” டீச்சர் கதவு வரை போய்த் திரும்பினார். “நாங்க எல்லாரும் அன்னிக்கு எழுந்து நின்னோம் ஐயா, உங்க பையனுக்காக. நானும் நின்னேன். அப்போ அது பிரார்த்தனைன்னு எனக்குத் தோணல. எழுந்து நிக்கணும்னு தோணுச்சு, நின்னேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். மன்றத்தில் தன்னோடு முப்பது வருஷம் கைகோத்து நின்றவர்களில் ஒருவர்கூட அன்று அந்த அறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதைத் தலைவர் பிறகுதான் கவனித்தார்.

மருந்துக்கடைக்காரர் புதுச் சுவரொட்டி அடித்தார். பிரார்த்தனையைக் கொன்றவரைத் தோற்கடிப்போம் என்று இருந்தது. அவர் முகம் இதில் இன்னும் பெரிதாக வந்திருந்தது. உண்மையைச் சொன்னால், தீர்மானம் ஜெயிப்பதைவிடத் தோற்றதுதான் அவருக்கு நல்ல சரக்காகப் போயிற்று. தலைவர் அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினமும் போய் வந்தார். அதில் எழுதியிருப்பது பொய் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வந்தது. நாலரை மணிக்குத் தலைவர் கோப்புகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மனைவி தலை சீவி, வெளியே போகும் உடை உடுத்தி, கையில் காய்கறிப் பையோடு அறையிலிருந்து வந்தாள். செருப்பைக் காலில் மாட்டினாள். ஒரு அடி வைத்தவள் நின்றுவிட்டாள்.

“நான் எங்க கிளம்பினேன்?” என்றாள்.

அவள் குனிந்து பார்க்காமலே ஒரு செருப்பைக் கழற்றினாள். பிறகு இன்னொன்றையும் கழற்றினாள். கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளக்கூட இல்லை, அப்படியே நின்றாள்.

தலைவர் கதவைச் சாத்தினார். கோப்புகளை நாற்காலியில் வைத்தார். “இங்கயே சொல்லட்டுமா? நாம ரெண்டு பேரும் நின்னு சொல்லுவோம்.”

அவள் மறுக்கவில்லை. அவர் நேராக நின்று ஆரம்பித்தார். “எங்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். எங்கள் ஆயுள் கொஞ்சம்...” குரல் நன்றாகத்தான் வந்தது. மூன்றாவது வரிக்கு வாயெடுக்கும்போது அவள் அவர் கையைத் தொட்டாள்.

“வேண்டாங்க.”

“ஏன்?”

“அது பதினாலு பேர் சண்டைக்கு நடுவுல எழுந்து நின்னு சொன்னது. பிடிக்காதவங்களும் கூட நின்னாங்க. என் முகத்துக்காக யாரும் சொல்லல. அதனாலதான் எனக்கு அது வேண்டியிருந்தது.” அவள் நிதானமாகத்தான் பேசினாள். “நீங்க இங்க நின்னு சொன்னா, நீங்க எனக்கு ஆறுதல் சொல்றீங்க. அவ்வளவுதான். அதுக்கு நீங்க நீங்களாவே பேசலாம், அந்த வரி வேண்டாம்.”

முப்பது வருஷமாக மேடையிலும் கடிதத்திலும் அவர் மன்றாடியது இதைத்தான். இவ்வளவு முழுசாக அவர் சொன்னதை ஒப்புக்கொண்டவர்கள் இந்த ஊரில் இதுவரை யாருமே இல்லை.

அவளுக்குச் சொல்ல அவரிடம் சொந்தமாக ஒரு வார்த்தைகூட இல்லை. சுவர்க் கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. முப்பது வருஷத்தில் ஒரு கூட்டத்துக்குக்கூட அவர் தாமதமாகப் போனதில்லை.

“போயிட்டு வர்றேன்” என்றார்.

அவள் தலையாட்டினாள். காய்கறிப் பையை நான்காக மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு, அவர் போவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.